சபாபதி குடிக்காத பியர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பியரிலிருந்து கிடைத்தது. நான், இனாயத்துல்லா, ஐந்து வேளை தொழுகிறவன். பியரை நாக்கில் வைத்ததே இல்லை. அப்புறம் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். எனக்கும் புரியவில்லை.

2

'பார்லியைப் புகையில் வாட்டி, புளிக்க வைத்து, ஒரு காலத்தில் ஜெர்மனியில்...' (வேண்டாம். பாடப்புத்தக வாடை.)

மறுபடியும். 1999. ரங்கூன் விமான நிலையத்துப் பக்கம், மிங்கலாடோனில் டீட்டர் என்ற ஜெர்மன்காரர் விடுதி நடத்தினார். தன் ஊர்ப்பக்கத்துப் பழைய பியரான லிக்டன்ஹைனரை இங்கே காய்ச்ச ஆசைப்பட்டார். காய்ச்சியவர் சபாபதி; பசுந்தாங்கில் என் வீட்டுக்கு மேல்மாடிக்காரர். டீட்டரின் செய்முறைக் குறிப்பைத் தமிழாக்கியவன் நான். அதன் கடைசி வரி: 'புளிக்கும், புகை மணக்கும். கெட்டிருந்தால் நான் வருமுன் கொட்டிவிடு.'*

* புளிப்பதே இலட்சணம் என்றால் கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? டீட்டர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

3

டீட்டர் மாலை விமானத்தில் விருந்தாளிகளோடு வருகிறார். பியர் சரியாக வந்திருந்தால் சபாபதியின் வேலை நிலைக்கும். கெட்டதைப் பரிமாறினால் போச்சு. நல்லதைக் கொட்டினாலும் போச்சு.

குடித்துப் பார்க்க வேண்டியதுதானே? அங்கேதான் கதை மாட்டிக்கொள்கிறது. சபாபதி மாலை போட்டிருந்தார். மகள் மஞ்சள்காமாலையில் கிடந்தாள். அவள் தேற வேண்டுமென்று பங்குனி உத்திரக் காவடிக்கு விரதம். பியரைக் கையால் தொடலாம், நாக்கால் தொடக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். (வாசகர் நம்புவாரா? நான் நம்பினேன்.) விடுதியில் மற்றவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, புளித்துவிட்டது, கொட்டு என்றார்கள். லிக்டன்ஹைனரை அவர்களில் ஒருவரும் முன்பின் குடித்ததில்லை.

மதியம் ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, பஸ் ஏறி என்னிடம் வந்தார். என்னை 'சயா' என்றுதான் கூப்பிடுவார், பர்மியில் ஐயா என்பதுபோல.

"சயா, குறிப்ப எழுதிக் குடுத்தது நீங்க. நீங்களே சொல்லுங்க."

முகர்ந்தேன். மாங்கட்டைப் புகை. குறிப்பில் வேறு மரம். இங்கே கிடைத்தது இதுதான். அதற்குமேல் என் மார்க்கம் விடவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

4

அவர் மனைவி சாந்தியைக் கதைக்குள் கொண்டுவருவதா என்று இரண்டு நாள் குழம்பினேன். ஆனால் அன்று அவரே இறங்கி வந்தார். பியர் வாசம்கூட அறியாதவர். விரதம் உங்களுக்குத்தானே என்று கணவரிடம் சொல்லிவிட்டு, என் டீ கோப்பையில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. சபாபதி தலையைக் குனிந்துகொண்டார்.

"கெட்டிருக்கா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியலைங்க. ஆனா இன்னொரு வாய் குடிக்கணும்போல இருக்கு."

குடித்தார்.

5

முடிவு: டீட்டர் குடித்துவிட்டுக் கண் கலங்கி... (சினிமா.)

வேறு முடிவு: சபாபதி மாலையைக் கழற்றிவைத்துவிட்டு ஒரே ஒரு வாய்... (மகள் மேலே படுத்திருக்கிறாள். இதை எழுத எனக்குக் கை வராது.)

நடந்ததைச் சொல்லேன் என்பீர்கள். சொன்னால், அன்று எங்களுக்கு என்னவோ தெரிந்திருந்ததுபோல ஆகிவிடும். ஒன்றும் தெரியாது. உங்களில் குடிக்கிறவர்கள் இருப்பீர்கள். பாட்டிலில் ஒரு வாய் மிச்சம் இருக்கிறது. மிங்கலாடோன் பஸ் வந்துவிட்டது. சபாபதி உங்களைத்தான் பார்க்கிறார்.