சுவரை ஒட்டி அடுக்கிய விறகு

வியாழக்கிழமை மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. வோரு நகரத்திலிருந்து வந்த இரண்டு ஆட்கள், பிளக்கும் இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஐவார் கொட்டகைக்கு எதிரே நின்று பார்த்தார். பத்து கன மீட்டர் பிர்ச் மர விறகு, சுவர் நீளத்துக்கு, தோள் உயரத்துக்கு, நூல் பிடித்ததுபோல் அடுக்கியிருந்தது. படம் எடுத்து, பழைய கூட்டாளி த்ரீனுக்கு அனுப்பலாமா என்று யோசித்தார். வேண்டாம், சனிக்கிழமை நேரிலேயே பார்க்கட்டும்.

சனிக்கிழமை மேலிஸும் வருகிறார். மூன்று வருடத்துக்குப் பிறகு.

மே மாத முதல் சனிக்கிழமையில் இந்த வீட்டில் விறகு பிளப்பது, அவர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனியைவிடப் பழைய வழக்கம். இது ஐவாரின் பெரியப்பா விட்டுப்போன ஏரிக்கரை வீடு. தார்த்துவில் படிப்பை முடித்த ஆறு பேர் வாடகை கொடுக்க வழியில்லாமல் இங்கே வந்து, ஒரு குளிர்காலம் முழுக்க அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மென்பொருள் எழுதினார்கள். பிப்ரவரியில் விறகு தீர்ந்துபோனது. நாற்காலி இரண்டை எரித்தார்கள். அந்த மே மாதம் ஆறு பேரும் சேர்ந்து அடுத்த குளிருக்கான விறகைப் பிளந்தார்கள். பிறகு கம்பெனி தாலினுக்குப் போனது, கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனது. ஆறு பேரில் மூன்று பேர் விலகிப்போனார்கள். மே மாதச் சனிக்கிழமை மட்டும் மாறவில்லை. இப்படிக் கூடிச் செய்கிற வேலைக்குத் தல்கூத் என்று பேர். கூலி கிடையாது. சூப் உண்டு, சவுனா என்கிற நீராவிக் குளியல் உண்டு.

ஹாம்பர்க்கிலிருந்து காலியாகத் திரும்பும் லாரிகளுக்கு வழியில் சரக்கு தேடித் தருவதுதான் அவர்கள் எழுதிய மென்பொருளின் வேலை. அதற்கான கணக்குமுறையை எழுதியவர் மேலிஸ். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர் ஐவார். பதினோரு நாடுகளில் ஓடியது. பிறகு மியூனிக்கில் ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்க வந்தது. பெரும்பங்கு ஐவாரிடம் இருந்தது. விடுதி அறையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் அடையாள அட்டையைச் செருகி, ரகசிய எண்ணை அழுத்தினார். அந்த நாட்டில் அதுவே கையெழுத்து. விற்றாகிவிட்டது. மேலிஸிடம் கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. மறுநாள் காலை மின்னஞ்சலில் சொன்னார்.

அந்த மே மாதமும் மேலிஸ் வந்தார், விறகு பிளந்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கடுத்த வருடங்களும் வந்தார். மூன்று வருடத்துக்கு முன் மியூனிக்காரர்கள் அந்த மென்பொருளை நிறுத்தினார்கள். அதிலிருந்து மேலிஸ் வரவில்லை.

ஐவார் இப்போது முதலீட்டாளர். பத்தொன்பது சின்னக் கம்பெனிகளில் அவர் பங்கு இருக்கிறது. வாரத்துக்கு முப்பது பேராவது திரையில் வந்து எதையாவது கேட்பார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஆம் என்பார், பெரும்பாலும் இல்லை என்பார். அவர் யாரிடமாவது எதையாவது கேட்டு வெகுநாள் ஆகிறது. மனைவி பிரிந்துபோய் ஆறு வருடம். மகள் லிஸ்பனில். வார இறுதியில் இங்கே வந்து தன் ஒருவருக்காகவே சவுனாவை மூட்டுவார். கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவி எழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மேல்பலகையின் நடுவில் உட்கார்ந்திருப்பார். நாலு பேருக்கான பலகை அது.

மேலிஸுக்குப் போன குளிரில் முதுகில் அறுவை சிகிச்சை நடந்ததாக த்ரீன் சொல்லியிருந்தாள். குனிந்து நிமிர வேண்டாம் என்றுதான் ஐவார் ஆள் வைத்தார். அத்தோடு, வேலை இல்லையென்றால் பேச நேரம் கிடைக்கும். மியூனிக் பற்றி இரண்டு வாக்கியம் பேச வேண்டும். மேலிஸ் அடுத்த மே மாதமும் வர வேண்டும். ஐவாருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்தது. மரங்களில் இலை எலிக்காது அளவுக்கு வந்திருந்தது. த்ரீன் கேக் பெட்டியோடு இறங்கினாள். மேலிஸ் முழங்கால் கிழிந்த பழைய கால்சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் சொந்தக் கோடாலி, மறு கையில் தோல் கையுறை. இளைத்திருந்தார். ஐவாருக்குத் தலையசைத்துவிட்டு நேராகக் கொட்டகைப் பக்கம் போய் நின்றார்.

"கட்டையெல்லாம் எங்கடா?"

"ஆள் வச்சு முடிச்சுட்டேன். உன் முதுகு..."

"என் முதுகுக்கு என்ன?"

த்ரீன் கேக் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். "அப்போ முதலாளி நம்மள சூப்புக்கு மட்டும்தான் கூப்பிட்டிருக்காரு. முன்னாடியே சொல்லிருந்தா நல்ல செருப்பு போட்டு வந்திருப்பேன்."

மேலிஸ் கோடாலியை அடிக்கட்டையில் சாய்த்து வைத்து, கையுறையைக் கட்டை மேல் போட்டார். படகுக்குத் தார் பூச வேண்டாமா என்று கேட்டார். பூசியாகிவிட்டது. படகுத்துறைப் பலகை? அதையும் அந்த ஆட்களே மாற்றிவிட்டார்கள். மேலிஸ் இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். மூவரும் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார்கள். பிறகு உள்ளே போனார்கள், வேறு போக இடமில்லாததால்.

பதினொன்றரைக்கே சூப் குடித்தார்கள். யாருக்கும் பசியில்லை. சவுனா சூடாக இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். த்ரீன் தன் மகனின் பள்ளியைப் பற்றிச் சொன்னாள், அது முடிந்தது. கருப்பு ரொட்டியை மேலிஸ் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டோரம் வைத்தார். ஐவார் எதிரே உட்கார்ந்திருந்தார். எதிரெதிரே உட்கார்ந்து மேலிஸோடு ஒன்றுமே பேசியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மேலிஸின் அப்பா இறந்ததை அவர் கேட்டது விறகு அடுக்கும்போது. தன் மனைவி போவதைச் சொன்னது படகைக் கவிழ்த்துச் சுரண்டும்போது. இருவர் கண்ணும் மரத்தின் மேல் இருக்கும், வாய் அதுபாட்டுக்குப் பேசும். இங்கே மேசையும் கரண்டியும்தான் இருந்தன.

"மியூனிக் விஷயத்துல நான்..." என்று ஆரம்பித்தார்.

"சூப் நல்லாருக்கு" என்றார் மேலிஸ், தட்டைப் பார்த்துக்கொண்டே.

ஒரு மணிக்கு த்ரீன் கிளம்ப வேண்டும் என்றாள். மகனைப் பயிற்சியிலிருந்து கூட்டி வர வேண்டுமாம். மேலிஸ் அவள் காரில் வந்தவர். சவுனா என்று ஐவார் சொன்னபோது இன்னொரு தடவை ஆகட்டும் என்றார். எந்தத் தடவை என்று சொல்லவில்லை.

வெளியே வந்ததும் த்ரீன் காரைத் திருப்பப் போனாள். மேலிஸ் விறகு அடுக்கின் முனைக்குப் போய், சுவருக்கும் விறகுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தார். விரல் நுனிதான் போனது.

"சுவத்தோட ஒட்டி அடுக்கிட்டானுங்க. பின்னாடி காத்து போகாது. ஆகஸ்ட்டுக்குள்ள பூஞ்சை பிடிச்சிடும்."

"அவங்களைத் திரும்ப வரச் சொல்றேன்."

"நீ சொல்லுவ." மேலிஸ் கையைக் கால்சட்டையில் துடைத்தார். "அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்கல."

ஐவார் அடுக்கின் முனையைப் பார்த்தார். "கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லிருப்ப."

"சொல்லிருப்பேன். விடிய விடிய உன்கூட சண்டை போட்டிருப்பேன். காலைல வந்து நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்டா."

த்ரீன் ஹாரன் அடிக்கவில்லை, காத்திருந்தாள். மேலிஸ் கோடாலியை எடுத்துக்கொண்டு போய் ஏறினார். கார் காட்டுப்பாதையில் திரும்பும்வரை ஐவார் நின்றார். அதன் பிறகுதான் அடிக்கட்டையில் கையுறை கிடப்பதைக் கவனித்தார்.

சவுனா தயாராக இருந்தது. எண்பத்தைந்து டிகிரி. அவர் போகவில்லை. நெருப்பு தானாக அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகைக்குப் போனார். முனையிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மறுபடி அடுக்க ஆரம்பித்தார். பச்சை விறகு, கனத்தது. பிளந்த மரத்தில் இப்போது பாதி தண்ணீர்தான், ஒரு கோடை முழுக்கக் காற்று பட்டால்தான் அடுப்புக்கு ஆகும். ஒரு மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு முடிந்தது. மாலைக்குள் தனியாகவே முடித்துவிடலாம் என்று மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு வந்ததும் கை நின்றது.

அடுக்கியதை வெறித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அந்த ஆட்களுடையதைவிடச் சுத்தம்.

சுவருக்கும் அடுக்குக்கும் நடுவில் கடப்பாரையை விட்டு நெம்பினார். முதலில் அசையவில்லை. பிறகு நடுப்பகுதி வயிறு தள்ளியதுபோல் வெளியே வந்து, பெரிய சத்தத்தோடு புல்லில் சரிந்தது. ஏரியிலிருந்து இரண்டு வாத்துகள் எழுந்து பறந்தன. மிச்சத்தையும், தான் அடுக்கியதையும் சேர்த்துத் தள்ளினார். முற்றம் முழுக்க விறகாகக் கிடந்தது.

அதன் மேலேயே உட்கார்ந்து போன் செய்தார். ஐந்தாவது முறை மணி அடித்ததும் மேலிஸ் எடுத்தார்.

"சொல்லு."

"அடுக்கைத் தள்ளிட்டேன்."

"எவ்வளவு?"

"எல்லாத்தையும்."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம். "அந்த ஆளுங்களைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிடல." ஐவார் ஒரு விறகுத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "என்னால தனியா முடியாது. வந்து அடுக்கித் தர்றியா?"

கேட்டு முடித்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வாரத்துக்கு முப்பது பேர் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர்க் கோப்பையைத் தொடுவார்கள், தொட்டுவிட்டுக் குடிக்க மாட்டார்கள். இப்படித்தான் இருந்திருக்கும் போல அவர்களுக்கு.

"நான் குனியக் கூடாது" என்றார் மேலிஸ்.

"நான் குனிஞ்சு எடுத்துத் தர்றேன். நீ அடுக்கு."

போனை வைத்துவிட்டாரோ என்று ஐவார் திரையைப் பார்த்தார். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"சனிக்கிழமை பாப்போம்." பிறகு மேலிஸ் சொன்னார்: "அதுக்குள்ள நீயா அடுக்கித் தொலைக்காத."

செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. தாலினில் ஐவாருக்கு மூன்று கூட்டங்கள் இருந்தன, போகவில்லை, திரையிலேயே முடித்தார். பேசுகிறவரின் தலைக்கு மேலே, திரைக்குப் பின்னால், முற்றத்துப் பக்க ஜன்னல் தெரிந்தது. விறகு நனைந்துகொண்டிருந்தது. கூட்டங்களுக்கு இடையில் வெளியே போய், குவியலைத் தார்ப்பாயால் மூடி, நாலு மூலையிலும் கல் வைத்தார். வேறு எதையும் தொடவில்லை. ஓரமாகச் சிதறிக் கிடந்த ஒரு துண்டைக் கால் தானாகக் குவியல் பக்கம் நகர்த்தப் பார்த்தது. அதை இருந்த இடத்திலேயே விட்டார்.

அடிக்கட்டை மேல் கையுறை ஊறிப்போய்க் கிடந்தது. உள்ளே எடுத்துவந்து பிழிந்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, அடுப்பின் மேல் காயப் போட்டார். தோல் கையுறை, காய நாலு நாளாவது ஆகும்.