அண்ணன் இருக்கும் பக்கம்

அண்ணன் பொய் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். என் புத்தகம் மொத்தமே தொண்ணூற்று நான்கு பக்கம். போனில் கேட்டால், "எழுநூறாவது பக்கம் தாண்டிட்டேன் வாயாடி, அருமையா போகுது" என்கிறான். எனக்கு வந்ததே கோபம். படிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

அம்மா நடத்திய சலவைக் கடையைப் பற்றி நான் எழுதி, நானே மின்னூலாக வெளியிட்ட புத்தகம் அது. ஊர் உலகம் படிக்காவிட்டால் போகட்டும். அந்தக் கடையில் என்னோடு வளர்ந்த ஒரே ஆள் படிக்க வேண்டும். அவன் பஸ் ஓட்டுகிறவன், போனில்தான் படிப்பான். முதலில் அனுப்பியதைத் திறந்து பார்த்துவிட்டு, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று மூடிவைத்துவிட்டான். பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே ஓடிவிடுமாம்.

கொழுந்தனார் கணினி வேலை தெரிந்தவர். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கிக்கொள்ளும்படி, அவர் கையைக் காலைப் பிடித்து மாற்றி வாங்கினேன். அதற்கே படாத பாடு. நான் ஸ்பேஸ் பட்டனைத் தட்டித் தட்டி நடுவில் நிறுத்தியிருந்த தலைப்புகள் எல்லாம் போனில் கண்ட இடத்தில் போய் நின்றன. ஒவ்வொன்றாகச் சரிசெய்து அனுப்பினால், இப்படி ஒரு பொய்.

பொய்தானா என்றும் குழப்பம். நேரே கொழுந்தனார் வீட்டுக்குப் போனேன்.

"தம்பி, என் புத்தகத்தோட வேற எதையாவது சேத்து ஒட்டிட்டீங்களா?"

"ஒட்டுறதுக்கு அதென்ன போஸ்டரா அண்ணி?" சிரித்தார். "இதுல பக்கம்னு ஒண்ணு கிடையாது. எழுத்தோட அளவுக்குத் தகுந்த மாதிரி மாறும்."

பக்கம் இல்லாத புத்தகமா? எனக்குத் தலை சுற்றியது. "அப்ப நான் எழுதினது எத்தனை பக்கம்?"

"எத்தனை வேணுமோ அத்தனை."

மனுஷன் கிண்டல் செய்கிறாரோ என்று முறைத்தேன். அவர் என் போனை வாங்கிக் காட்டினார். இருநூற்றுச் சொச்சம் பக்கம். ஒரு தட்டு தட்டினார், முந்நூறாகிவிட்டது. போனைப் பிடுங்கி நானே தட்ட ஆரம்பித்தேன். எழுநூறு வருகிற வழியாகவே இல்லை. இதற்கு மேல் பெரிதாகாது என்று எழுத்து நின்றுவிட்ட கடைசி அளவில்தான் வந்தது. திரையில் ஒரே ஒரு வாக்கியம் நின்றது.

"இவ்ளோ பெரிசா வெச்சு யாரு படிப்பாங்க?"

"கண்ணு சரியாத் தெரியாதவங்க அண்ணி" என்றார் கொழுந்தனார், வேறு எதையோ பார்த்துக்கொண்டு.

அண்ணன் ஏற்கெனவே கண்ணாடி போட்டவன். போட்டுமா இப்படி? அங்கேயே நின்று அவனை அழைத்தேன். அன்று அவனுக்கு விடுமுறை, வீட்டில்தான் இருந்தான்.

"அண்ணா, கண்ணு எப்படி இருக்கு?"

"கண்ணுக்கு என்ன?"

"எழுத்தை எவ்ளோ பெரிசா வெச்சிருக்கே?"

வேறு பேச்சுக்குத் தாவப் பார்த்தான். நானும் விடவில்லை.

"கொஞ்ச நாளாத்தான்" என்றான் கடைசியில். "சாயங்காலமானா எதிர்ல வர்ற வண்டி ரெண்டா தெரியுது. வெளியில சொன்னா வண்டியைப் பிடுங்கிடுவாங்க. எனக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லு."

"பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு இது தெரியுமா? நாளைக்கு வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி டிப்போவுல சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். "புத்தகத்தை முடிச்சுட்டுச் சொல்றேனே. இன்னும் நாப்பது பக்கம்தான் இருக்கு" என்றான், வீட்டுப்பாடத்துக்குத் தவணை கேட்கிறவன் மாதிரி.

அவனுடைய நாற்பது பக்கம் எவ்வளவு என்று இப்போது எனக்குத் தெரியும். தொண்ணூற்று நான்கில் ஐந்தாறு தேறினால் அதிகம்.

"போனை வைக்காதே. ஸ்பீக்கர்ல போட்டுட்டு இப்பவே வாசி. நான் கேக்கிறேன்."

வாசித்தான். எழுத்துக் கூட்டி, நின்று நின்று. "அம்மா வெள்ளைச் சட்டையைத் துடைத்து" என்றான். நான் எழுதியிருந்தது 'துவைத்து.' நான் திருத்தவில்லை.

"பக்கம் திருப்பிட்டேன்" என்றான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதைச் சொன்னான். நான் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தேன்.