மேனேஜரின் கும்பிடு

குளச்சலில் எங்கள் மீன் ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஷைஜு மேனேஜராக வந்த அன்றே கம்ப்யூட்டரைப் பார்த்து முகம் சுளித்தார். துபாயில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. பேச்சைக் கேட்டால் துபாயையே அவர்தான் கட்டி மேய்த்தார் போலிருக்கும்.

எங்கள் கணக்கெல்லாம் உள்ளறையில் இருக்கும் பெரிய மெஷினில். மேசைக் கம்ப்யூட்டர்களில் அதன் பச்சை எழுத்துத் திரை மட்டும் தெரியும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பழசுதான், ஆனால் ஒரு நாளும் எங்களைக் கைவிட்டதில்லை.

"ஆன்ஸ்லின், இது என்னவே, ஆஸ்பத்திரி மெஷின் மாதிரி? படம் ஒண்ணும் வராதா?"

வரும் என்று வாயை விட்டேன். பெரிய மெஷினிலிருந்து ஒரு கட்டளை கொடுத்தால், மேசைக் கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கும் எந்த புரோகிராமையும் திறக்கும். மனுஷன் பிடித்துக்கொண்டார். லாரி வெளியே போவதற்கான கேட் பாஸை அடிக்கும் முன் கம்பெனியின் படக்காட்சி திறக்க வேண்டுமாம். கம்பெனி இரண்டு படத்தில் முடிந்துவிடும், மிச்சமெல்லாம் ஷைஜு. கோட்டு போட்ட ஷைஜு, முட்டம் லைட்ஹவுஸ் முன்னால் ஷைஜு, கடைசியில் கைகூப்பும் ஷைஜு. முடிந்ததும் முதலிலிருந்து ஓடும்.

"படத்த அடைக்கிறது வரைக்கும் மெஷின் காத்து நிக்கணுமா சார்?" என்று கேட்டேன்.

"நிக்கணும். இல்லேன்னா பாக்காமப் போயிருவானுவ."

"அப்பம் கேட் பாஸும் நிக்கும்."

"நிக்கட்டும்வே."

இத்தனை அறிவையும் ஆண்டவர் ஒரே தலையில் கொட்டியிருக்க வேண்டாம்.

கேட் பாஸ் அடிப்பது ஜிஷா. அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல் நாளே லாரிக்காரர் கத்த, படத்தை மூடிவிட்டுப் பாஸை அடித்தாள். சாயங்காலம் மெமோ வந்தது. படக்காட்சியைப் பாதியில் அடைக்கக் கூடாதாம். இன்னொரு மெமோ வந்தால் வேலை கிடையாது, லாரி தாமதமானாலும் கிடையாது என்று ஷைஜு வாயாலும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கணவாய் மீன் ஏற்றிய லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பி நின்றது. ஜிஷா பட்டனைத் தட்டினாள். ஷைஜு திரையில் வந்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்துவிட்டாள். லாரியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகியது. முதலாளி ஜான்ரோஸ் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"ஏட்டி, லாரி எதுக்கு நிக்குது?"

"மேனேஜர் சாருக்க படம் ஓடுது, முதலாளி. அத அடைச்சாத்தான் பாஸ் வரும். அடைச்சா எனக்கு மெமோ வரும்."

முதலாளி திரையைப் பார்த்தார். ஷைஜு அவரைப் பார்த்துக் கைகூப்பினார். மறுபடி கோட்டு போட்டுக்கொண்டு வந்தார்.

"அவன இங்க வரச் சொல்லு."

நிஜ ஷைஜு ஓடி வந்தார்.

"அடைலே அத," என்றார் முதலாளி.

ஷைஜு திரையில் ஓடிய தன் முகத்தைத் தானே மூடினார். பச்சைத் திரை அசைந்தது. பிரிண்டர் பாஸைத் தள்ளியது. ஜிஷா அதைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டாள்:

"பாதியில அடைச்சிட்டியளே சார். மெமோ இப்பம் யாருக்கு?"

"அத நான் எழுதிக்கிடுதேன் மக்கா," என்றார் முதலாளி. "நீ லாரிய விடு."