வெள்ளிக்கிழமைக்குக் காலியாகும் அறை

கெயில் போனில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"லவெர்ன், உங்க கீழ் ரூம் வெள்ளிக்கிழமைக்குக் காலியா இருக்குமா?"

கல்லில் கிடந்த பான்கேக்கைத் திருப்பிப் போட மறந்து லவெர்ன் பிட்னர் அப்படியே நின்றாள். கீழ் அறையில் வெஸ் தூங்கிக்கொண்டிருந்தான். மே மாதத்திலிருந்து அது அவனுடைய அறை. காலியாக இருக்குமா என்று கேட்டால் என்ன அர்த்தம்?

"யாரு வர்றா?"

"டெக்சஸ்லேர்ந்து ஒரு பையன். கேட்சராம். எனக்கு அவ்வளவுதான் சொல்லியிருக்காங்க. வெஸ் காதுல போட்டுடாதீங்க, புண்ணியமாப் போகும்."

வெஸ்ஸும் கேட்சர்தான், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவன். கருகும் வாசனை வந்தபிறகுதான் லவெர்ன் அடுப்பை அணைத்தாள்.

போர்ட் அலன்சன் ஹெரன்ஸ் என்பது அணியின் பெயர். சட்டையில் ஒற்றைக் காலில் ஒரு நாரை நிற்கும். ஊரில் எல்லாரும் நாரைகள் என்றே சொல்வார்கள். பெரிய லீக் கிளப்புகள் கைகழுவிய பேஸ்பால் ஆட்டக்காரர்களும், ஒருபோதும் அவற்றின் கண்ணில் படாதவர்களும் இன்னொரு வாய்ப்புக்காக வந்து ஒதுங்குகிற அணி. கிளப் கொடுக்கும் சம்பளத்தில் வாடகைக்கு வீடு பிடிக்க முடியாது. அதனால் ஊர் ரசிகர்கள் ஆளுக்கொரு அறையைக் கோடைக்கு விட்டுவிடுவார்கள். அந்த ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்வது கெயில். புதியவன் ஒருவன் வருகிறான் என்றால் முதலில் படுக்கை தேட வேண்டும். ஆகவே ஒருவனின் தலை உருளப்போகிற செய்தி அவனுக்குத் தெரிவதற்கு முன்பே அவன் சாப்பிடும் சமையலறைக்கு வந்துவிடும். லவெர்ன் வீட்டுக்கு இந்தப் போன் இதற்கு முன்னும் வந்திருக்கிறது. வந்தபோதெல்லாம் ஒருவன் பெட்டி கட்டினான்.

"காலையிலேயே யாரு?" என்று கேட்டபடி மெர்ல் வந்தான். நாற்பது வருடப் புருஷன். ஆட்டத்தைவிட ஆட்டத்துக்குப் போகும் வழியில் விற்கிற வறுத்த மீன்மீது அவனுக்குப் பக்தி அதிகம்.

"கெயில். படுக்கை கேக்குறா."

மெர்லின் முகம் தொங்கிப்போனது. "வெஸ்ஸா? நல்லாத்தானே ஆடுறான்?"

"நல்லா ஆடுறவனைத்தான் இந்த வருஷம் வரிசையாத் தூக்குறாங்க. நீ எந்த ஊர்ல இருக்கே?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கோடையில் நாரைகள் தோற்காத நாளை விரல்விட்டு எண்ணலாம். முதலாளி கூரை போடும் தொழில் செய்கிறவர். ஒழுகுகிற இடத்தை விட்டுவிட்டு ஒழுகாத ஓடுகளை எல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தார். முதலில் இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நின்று பந்தைத் தடுக்கிற ஷார்ட்ஸ்டாப் போனான். அவன் இடத்துக்கு வந்தவன் குனிந்து பந்தை எடுப்பதற்குள் எதிராளி ஒரு காபி குடித்துவிட்டு ஓடலாம். அப்புறம் முதல் பேஸில் நின்ற பெரிய மனுஷன் போனான். குழந்தைகள் எல்லாம் அவன் பெயர் போட்ட சட்டையோடு வந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து அவனை அனுப்பினார்கள். பிறகு பந்து வீசுகிற பிட்சர்கள் இரண்டு பேர், ஒரே நாளில். ஆட்கள் மாற மாற தோல்வி மட்டும் மாறவில்லை. மூன்றாம் பேஸுக்குப் பின்னால் உட்காருகிற பழைய ரசிகர்கள் இப்போது ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, அடுத்தது யார் என்றுதான் பார்த்தார்கள்.

அந்த வரிசையின் ஜோசியக்காரி லவெர்ன். போன ஒவ்வொருவனையும் அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். கெயிலிடமிருந்து வரும் போனைப் பற்றி வாய் திறக்கமாட்டாள், அது வேறு. அவளுக்கு வேறு குறிகளும் உண்டு. குழந்தைகளுக்குக் கையெழுத்துப் போடும் நாளில் ஒருவன் பெயர் விட்டுப்போனால் ஒரு குறி. எப்போதும் எரிந்து விழும் பயிற்சியாளர் திடீரென்று ஒருவன் தோளில் கைபோட்டுப் பேசினால் அவன் கதை முடிந்தது. "பிட்னரம்மா இன்னிக்கு யாரைப் புதைக்கிறாங்க?" என்று பின்வரிசையிலிருந்து கேட்பார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. கொஞ்சமென்ன, நிறையவே இருந்தது.

அன்று புதன்கிழமை. மதிய ஆட்டத்துக்கு அவள் சீக்கிரமே போய் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியில் ஆடுகிறவர்கள் பெயரைப் படித்தார்கள். வெஸ் டால்மன் பெயர் வரவில்லை. அவன் இடத்தில் மாற்றுக் கேட்சர் ஒருவனின் பெயர்.

"அடிகிடி பட்டிருக்கும்," என்றான் மெர்ல்.

"காலையில என் மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாண்டி ஏறினான். அடியாம்!"

வெஸ் மைதான ஓரத்தில் ஆட்டக்காரர்கள் இருக்கும் கூண்டுக்குள் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை மென்று துப்பிக்கொண்டிருந்தான். ஐந்தாவது இன்னிங்ஸில் பயிற்சியாளர் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தோளில் கையைப் போட்டார். ஏதோ சொல்லிச் சிரிக்கக்கூடச் சிரித்தார். கிளப்பின் நிர்வாகி ஹார்லன், ஆட்டம் நடக்கும்போது அலுவலகத்தை விட்டு அசையாதவர், கீழே இறங்கிவந்து வெஸ்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"ஒருவேளை பெரிய லீக்குக்கு அவனை மேல எடுத்துக்கிறாங்களோ என்னமோ," என்றான் மெர்ல், மீனை மென்றுகொண்டே.

"மேலயா? நாரைங்ககிட்டேர்ந்தா? நம்ம வீட்டுல தங்கினவன் ஒருத்தனாவது மேல போயிருக்கானா? முள்ளைப் பார்த்துத் தின்னு."

பின்வரிசை கேட்டது: "பிட்னரம்மா, இன்னிக்கு யாரு?" முதல்முறையாக அவளுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

வெஸ்ஸுக்கு அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். போன வருடம் வேறொரு ஊரில் அவனை அனுப்பியது பஸ் நிற்கும் இடத்தில், எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு. மாஸ்க்கையும் கவசங்களையும் ஒரு குப்பைப் பையில் திணித்துக் கையில் கொடுத்தார்களாம். ஜன்னல் வழியாக மொத்த அணியும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். "இன்னொரு தடவை அந்த நடை நடக்கமாட்டேன்மா," என்று ஜூன் மாதத்தில் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னான். "உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்னு பசங்க சொல்றாங்க. தெரிஞ்சா என்கிட்ட சொல்லிடுங்க. நானே போயிடறேன்." சொல்கிறேன் என்றாள். அவனுக்கு முன்னால் தங்கியிருந்த ஒருவனிடம் அவள் சொல்லாமல் இருந்துவிட்டாள். அவன் போகும்போது அவள் முகத்தையே பார்க்கவில்லை, அது இன்னும் அவளுக்கு ஆறவில்லை.

வியாழக்கிழமை காலை வெஸ் மேலே வந்தான். முப்பதை எட்டப்போகிறவன். வளைந்துபோன விரல்கள், குழந்தைச் சிரிப்பு. ஊரில் கார்லா என்று ஒரு மனைவி. இந்தக் கோடை முடிந்தும் ஒன்றும் நடக்காவிட்டால் மாமனாரின் தீவனக் கடையில் உட்காருவதாக அவளுக்குச் சொல்லிவிட்டு வந்தவன்.

"என்னம்மா, மூஞ்சில களையே இல்லையே இன்னிக்கு?"

"உக்காரு, கண்ணு."

அவன் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கெயிலா?"

"வெள்ளிக்கிழமைக்கு ரூம் வேணுமாம். டெக்சஸ் பையன். கேட்சர்."

அடுப்படியில் மெர்ல் இருமினான். "லவெர்ன், கெயிலுக்கு முழுசாத் தெரியாது. இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துப் பாத்தா என்ன?"

"எதுக்குப் பொறுக்கணும்? பையைத் தூக்கிட்டு நடக்குறதுக்கா?" என்று அவள் சீறினாள். "நேத்து ஆடவிடல. தோள்ல கை போட்டாச்சு. ஹார்லன் இறங்கி வந்து பாத்தாச்சு. இன்னும் என்ன வேணும்?"

வெஸ் தலையை ஆட்டினான். "அந்தக் கோச் கிழவன் என்கிட்ட சிரிச்சப்பவே நெனச்சேன்மா." நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளினான். "இந்த வருஷம் நல்லாத்தான் ஆடினேன் இல்ல?"

"நல்லா ஆடினேடா."

"அது போதும்."

பெட்டி கட்ட அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவளைக் கட்டிக்கொண்டான். "யாரும் பாக்காம போறேன். உங்களாலதான். போனை அணைச்சு வெச்சுடறேன், அவங்க வாயால அதைக் கேக்க வேணாம் பாருங்க." பழைய வண்டி தெருமுனையில் திரும்பி மேற்கு நோக்கிப் போனது. அவன் வீடு நெப்ராஸ்காவில். சாயங்காலம் வரைக்கும் ஓட்டினாலும் பாதி வழிதான்.

மதியம் அவள் ஆட்டத்துக்குப் போனாள், எப்போதும்போல. வீட்டில் இருந்தால் கீழ் அறையின் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஏரியிலிருந்து கருத்த மேகம் ஏறிவந்தது. ஆட்டம் தொடங்கவில்லை. வீரர்கள் கூண்டுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஹார்லன் படிகளில் ஏறி நேராக அவளிடம் வந்தார். மூச்சு வாங்கியது.

"வெஸ் எங்க லவெர்ன்? போன் அணைஞ்சே கிடக்கு."

"போயிட்டான்."

"எங்க?"

"ஊருக்கு. நீங்க அனுப்புறதுக்கு முன்னாடி அவனே போயிட்டான். உங்களுக்கு வேலை மிச்சம்."

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். "யாரு அனுப்பறது? அவனை வித்தாச்சு. பெரிய லீக் கிளப்புக்கு. அவங்க ரெண்டாவது அணியில கேட்சருக்கு விரல் ஒடிஞ்சு போச்சு, இன்னிக்கு ராத்திரி ஃப்ளைட்ல இவன் வேணுமாம்."

பின்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்து நிறுத்தினார்கள். லவெர்ன் எழுந்து நின்றாள்.

"அப்ப நேத்து ஏன் ஆடவிடல?"

"விரல்ல ஒரு பந்து பட்டா எல்லாம் போச்சு இல்ல? பொத்திப் பொத்தி வெச்சோம்."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"போன வருஷம் ஒருத்தன்கிட்ட முன்னாடியே சொல்லி, கடைசி நிமிஷத்துல அது புட்டுக்கிச்சு. அவன் அழுத அழுகை என் காதை விட்டுப் போகல. அதனால காகிதம் வரட்டும்னு இருந்தேன். காகிதம் இப்பதான் வந்துச்சு." அவர் குரல் தணிந்தது. "ஆறு மணிக்குள்ள அவன் வாயால சரின்னு சொல்லணும். இல்லாட்டி அவங்க கையில இன்னொரு பையன் இருக்கான்."

அதற்கப்புறம் ஆட்டம் நடந்ததா, மழை வந்ததா என்று அவளுக்குத் தெரியாது. காரில் உட்கார்ந்து வெஸ்ஸின் எண்ணை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் அவனுடைய சிரித்த குரல், செய்தி சொல்லுங்கள் என்றது. கார்லாவை அழைத்தாள். கார்லா முழுவதையும் கேட்டாள். "போனை அணைச்சுட்டு ஓட்டுறேன்னு காலையில சொன்னாரு," என்றாள். பிறகு, "உங்களுக்கு யாரு அப்படிச் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. கெயில் ஒரு படுக்கை கேட்டாள், அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் சொன்னது லவெர்ன்.

மெர்ல் நெடுஞ்சாலைவரை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பி, எந்த நெடுஞ்சாலை என்று தெரியாமல் எரிபொருள் தீரப்போகத் திரும்பிவந்தான். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆறேகாலுக்கு ஹார்லன் போன் செய்தார். "முடிஞ்சு போச்சு," என்றார். வைத்துவிட்டார்.

வெளிச்சம் இன்னும் இருந்தது, வெஸ் கூப்பிட்டபோது. பின்னால் லாரிகளின் இரைச்சல்.

"அம்மா! இல்லினாய்ஸ்ல ஒரு பெட்ரோல் பங்க்ல நிக்கிறேன். இப்பதான் போனைத் திறந்தேன், எத்தனை மிஸ்டு கால்! எதையும் கேக்கல, முதல்ல உங்களைத்தான் கூப்பிடறேன். என்ன, ஒலிபெருக்கியில என் பேரைச் சொல்லி வழியனுப்பிட்டாங்களா?" அவன் சிரித்தான். "வழியெல்லாம் நெனச்சுக்கிட்டே வந்தேன். நீங்க சொல்லலைன்னா இன்னிக்கு நான் அந்தப் பையைத் தூக்கியிருப்பேன். நல்லா இருங்கம்மா."

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கார்லா சொல்லிவிடுவாள், நாளைக்குப் பேப்பரிலும் வரும். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தன் பங்கைக் குறைக்காமல் சொன்னாள். அழுகையை மட்டும் அடக்க முடியவில்லை.

லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"எனக்குப் பதிலா போறவன் யாரு?"

"தெரியலடா."

"கேட்சர்தானே?"

"ஆமா."

பிறகு வெஸ் சொன்னான், கோபமே இல்லாமல்: "நீங்க ரூம் காலியாகும்னுதானேம்மா சொன்னீங்க. ஆயிடுச்சு இல்ல?"

போன் அணைந்தது. அவள் திரும்ப அழைக்கவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. டெக்சஸ் பையன் வருவான், அவனுக்குப் படுக்கை தயாராக வேண்டும். லவெர்ன் துவைத்த விரிப்புகளை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அங்கே அவள் உருவி எடுப்பதற்கு ஒன்றுமில்லை. அவளுக்குச் சிரமம் வேண்டாமென்று அழுக்கு விரிப்பை எல்லாம் வெஸ்ஸே உருவி மடித்து, மெத்தையின் கால்மாட்டில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான்.