மூடிகளுக்கான ஹால்

என் மனைவி தெய்வானை நாற்பத்து மூன்று மூடிகள் சேர்த்திருந்தாள். பாத்திரங்கள் இல்லை. மூடிகள் மட்டும். அவை வந்த பிறகு எங்கள் ஹால் நான்கு அடி வளர்ந்துவிட்டது. அதை ஒழுங்கு செய்ய, வீடுகளை அடுக்கித் தரும் எஸ்தர் மேடம் அளக்கும் டேப்போடு வந்தார்.

"ஹால்ல ஞாபகம் இருக்கற பொருள்தான் இருக்கணும்" என்றார். "இந்த சோபாவுக்கு என்ன ஞாபகம்?"

"தள்ளுபடியில வாங்குனதுங்க" என்றாள் தெய்வானை.

சோபா எழுந்து படியிறங்கிப் போனது. டிவியும் வயரைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனது.

தெய்வானை மூடிகளைப் பற்றிச் சொன்னாள். "இது பிளாஸ்க் மூடிங்க. ரயில்ல தங்கச்சி விட்டுட்டுப் போனது. அதைக் கேக்கத்தான் வாரம் ஒருக்கா போன் பண்றா. அதனால குடுக்கறதில்லீங்க."

எஸ்தர் மேடம் நாற்பத்து மூன்றையும் எழுதிக்கொண்டார். பிறகு டேப்பை என் தோளில் வைத்தார்.

"இது?"

"வீட்டுக்காரருங்க."

"என்ன ஞாபகம்?"

தெய்வானை யோசித்தாள். வாசல் கதவு தானாகத் திறந்தது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஏதாவது ஒன்று இருக்கும் என்று நம்பினேன். என் கால் ஏற்கெனவே வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

"பொண்ணு பாக்க வந்தப்ப இவரு எங்கப்பா செருப்ப மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாருங்க" என்றாள். "அடுத்த நாள் பதினஞ்சு கிலோமீட்டர் சைக்கிள்ல வந்து குடுத்தாரு. அப்பத்தான் சரின்னு சொன்னேன்."

ஜாதகம் பொருந்தியதால் சரியென்றாள் என்றே இதுவரை நினைத்திருந்தேன்.

"அலமாரியில ரெண்டாவது தட்டு. வெயில் படக் கூடாது" என்றார் எஸ்தர் மேடம். நான் ஏறி உட்கார்ந்தேன். வசதியாகத்தான் இருந்தது.

"இன்னும் ஒரு ஆள் நிக்கிறாங்களே. இவங்களுக்கு யார் சொல்றது?" என்று டேப்பைத் தெய்வானை பக்கம் நீட்டினார்.

தெய்வானை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை.

"ஒரு மத்தியானம் தூக்கத்துல 'ஸ்டாப்பிங் வந்துருச்சு, எறங்குங்க'ன்னு சொன்னாங்க" என்றேன். "நான் கட்டில்ல இருந்து எறங்கி நின்னேன். எழுப்ப மனசு வரல. அவங்க எந்திரிக்கற வரைக்கும் நின்னுட்டே இருந்தேன்."

"அப்புறம்?"

அப்புறமும் இருந்தது. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. சுவர் பின்னால் நகர்ந்தது. எஸ்தர் மேடம் இரண்டு நோட்டு முடித்து, மூன்றாவதைக் கேட்டார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு நாச்சிமுத்து வந்தார். தன் ஹாலை நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"உங்களுக்கு எடம் பத்தாது போல" என்று வைத்துவிட்டுப் போனார்.