மோர்ச்சோற்றில் மாத்திரை

என் மாமனார் சின்னுசாமி நான்கு நாட்களாக அவித்த முட்டையையும் வாழைப்பழத்தையும் தவிர வேறெதையும் தொடவில்லை. முட்டைக்கு ஓடு, பழத்துக்குத் தோல்; உள்ளே யாரும் எதையும் கலக்க முடியாது என்பது அவர் கணக்கு. எங்களுடையது கோழிப்பண்ணை, முட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எழுபத்தாறு வயது உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

அவர் இன்றைக்கு நேற்றா சந்தேகப்படுகிறார்? நான் கல்யாணமாகி வந்த அன்றே, கொடுத்த காபியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தவர். தீவனக்காரன் ஏமாற்றுகிறான், தம்பி வரப்பை நகர்த்துகிறான், டிரைவர் உளவு சொல்கிறான். அவரைப் பார்த்துக்கொள்ள வைத்த மூன்று ஆட்களையும் விரட்டியாயிற்று. எனக்கும் வாய் சும்மா இருக்காது, பதிலுக்குப் பதில் பேசிவிடுவேன்.

மறதி நோயாக இருக்கும் என்று சேலத்துக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா சோதித்துவிட்டு, "ஞாபகமெல்லாம் நல்லாவே இருக்கு. இது ஆளுமைக் கோளாறு. சின்ன வயசுலயே இருந்திருக்கும், இப்ப முத்தியிருக்கு. அவர்கிட்ட வாதாடாதீங்க, எதையும் மறைக்காதீங்க" என்றார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "சாப்பாட்டுல ஏதாவது கலந்தீங்களா?" என்று கேட்டார்.

சுருக்கென்றது. கலந்தேன்தான். ரத்த அழுத்த மாத்திரையை விழுங்க மாட்டேன் என்கிறாரே என்று, இரண்டு மாதமாகப் பொடித்து மோர்ச்சோற்றில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைத் துணுக்கு அவர் நாக்கில் தட்டுப்பட்டுவிட்டது. கேட்டதற்கு, சாமி சத்தியமாக இல்லவே இல்லை என்று சாதித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் தமிழரசு என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். "ஒத்துக்காத மதுமதி. அப்பறம் உங்கையில பச்சத்தண்ணி கூடக் குடிக்க மாட்டாரு."

எனக்கும் அந்தப் பயம்தான். ஆனாலும் சோற்றைப் பிசைந்து கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"ஆமாங்க மாமா. மாத்திரையப் பொடிச்சுக் கலக்குனேன். பொய்ச் சத்தியமும் பண்ணுனேன். தப்புதானுங்க."

ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவர் கத்தவில்லை. கண் கலங்கிவிட்டது, எனக்கல்ல, அவருக்கு.

"நாக்குல பட்டது நெசமா, எனக்குத்தான் புத்தி பெரண்டுபோச்சான்னு நாலு நாளா ரோசனை பண்ணிக்கிட்டே கெடந்தேன் அம்மிணி."

ஊரையே சந்தேகப்பட்டவரை, தன்னையே சந்தேகப்பட வைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"மாத்திரைய அட்டையோட கொண்டா, நானே பிரிச்சுக்கறேன். மொதல் வாய் நீ உண்ணு" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "உன்னைய நம்பிட்டேன்னு நெனச்சுக்காத."

"நம்ப வேண்டாங்க மாமா, சாப்பிட்டாப் போதுங்க" என்று முதல் வாயை அள்ளிக்கொண்டேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினேன். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.