வரப்பில் வராத எறும்பு

அரசப்பனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். சர்க்கரை. மரக்காணத்து உப்பளத்தில் இருபது வருஷம் வெறுங்காலோடு உப்பு வாரியவர், பாம்பைக் கண்டாலும் அசராதவர், கடை டீயில் அரைக் கரண்டி சர்க்கரை விழுந்திருந்தால் கிளாஸைத் தள்ளி வைத்துவிடுவார். காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அப்பா செல்லப்பன் ஆறு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை வியாதியில் போனவர். முதலில் கட்டைவிரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால். ஆறு மாசம் புண்ணில் ஈ ஓட்டியது அரசப்பன்தான்.

அப்பனுக்கு வந்தால் பிள்ளைக்கும் பேத்திக்கும் வரும் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே வீட்டில் சர்க்கரை டப்பா காலி. பொங்கலுக்குக்கூட வெல்லம் வாங்கக் கூடாது என்றுவிட்டார். மனைவி மங்கம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அந்த வருஷம் வெறும் பொங்கலைக் கிண்டினாள்.

தன் உடம்பை மட்டும் அவர் சும்மா விட்டாரா? அதற்கும் ஒரு சோதனை வைத்திருந்தார். சர்க்கரை இருந்தால் மூத்திரத்தில் எறும்பு மொய்க்கும், இது ஊருக்கே தெரிந்ததுதானே. தினமும் மத்தியானம் உப்புப் பாத்தியின் வரப்பு ஓரமாக உட்கார்ந்து எழுந்திருப்பார். அரைமணி கழித்துப் போய்க் குனிந்து பார்ப்பார். ஒரு எறும்பு? ம்ஹூம். ஆறு வருஷத்தில் ஒன்றுகூட வந்ததில்லை. அந்தத் தெம்பில் விடிந்ததும் பனையேறி தனகோடியின் மரத்தடிக்குப் போய் இரண்டு ஓலைப்பட்டை பதநீர் குடிப்பார். "இது மரத்துல இறங்கறதுப்பா. ஆலைச் சக்கரைதான் விஷம். இது ஒண்ணும் பண்ணாது" என்பார். இந்த வைத்தியத்தை அவருக்கு யார் சொன்னது என்று கேட்காதீர்கள். அவரே சொல்லிக்கொண்டதுதான்.

சித்திரை மாசம் ஒரு காலையில், வீட்டுக்குப் பின்னால் பெண்கள் ஒதுங்குவதற்குக் கட்டிய ஓலை மறைப்புக்குள் எட்டிப் பார்த்தவருக்கு ஈரக்குலை நடுங்கியது. உள்ளே போட்டிருந்த கல்லைச் சுற்றிச் சாரைசாரையாகக் கட்டெறும்பு. மங்கம்மா வேறு வீட்டு ரத்தம், அவளுக்கு ஏன் வரப்போகிறது? அப்படியானால் மகள் பாப்பாத்திதான். பத்தொன்பது வயசு. தாத்தாவின் மூக்கு, தாத்தாவின் நெற்றி. அவர் மனசில் அப்போதே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு நுங்கு கிடையாது, வாழைப்பழம் கிடையாது, சோறுகூட அளந்துதான். அத்தோடு விட்டாரா? பொம்மையார்பாளையத்து நடராசன் மகனுக்கு அவளைப் பேசி வைத்திருந்தது. நேரே அங்கே போய், "பொண்ணுக்குச் சக்கரை இருக்கும்போல இருக்குதுங்க. மறைச்சுக் கட்டிக் குடுக்க எனக்கு மனசில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். வரும் வழியெல்லாம் தன் நேர்மையை நினைத்து நெஞ்சு நிமிர்ந்துதான் நடந்தார். பாப்பாத்தி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள், அவ்வளவுதான்.

மங்கம்மாதான் நச்சரித்து, ஒரு மாசம் கழித்து, இருவரையும் பாண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். சோதனை செய்கிற அறையில் சவரியம்மாள் என்ற அம்மாள் இருந்தாள். நீல மருந்தில் பாப்பாத்தியின் மூத்திரத்தைச் சொட்டுவிட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்கவைத்தாள். நீலம் நீலமாகவே இருந்தது.

"உம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லய்யா. வீட்டுல யாருக்கு இருந்துச்சு?"

"எங்க அப்பாவுக்குங்க."

"அப்ப முதல்ல நீதான குடுத்திருக்கணும். இந்தா பாட்டில்."

அரசப்பன் சிரித்துக்கொண்டே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். கண்ணாடிக் குழாயில் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"இது என்னுது இல்லீங்க. மாறியிருக்கும். நான் தினம் பாக்கறேன். பாத்தி வரப்புல ஒரு எறும்புகூட வந்ததில்ல."

சவரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நானும் மரக்காணம்தான்யா. உப்பளத்துல எறும்பு ஏது? சக்கரை மூட்டையைக் கொட்டினாலும் அங்க வராது. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிற?"

"மூணு நாலு தடவைங்க."

"எங்க போவ?"

"வீட்டுப் பின்னாடி, பொம்பளைங்க மறைப்புக்குங்க" என்று அரசப்பன் முணுமுணுத்தார். இருட்டில் புதர்ப்பக்கம் போகச் சோம்பல்பட்டு, யாரும் பார்க்காமல் அவர் போய்வந்தது அந்த ஓலை மறைப்புக்குத்தான். வரிசையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். பாப்பாத்தி சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ் கோட்டக்குப்பம் தாண்டியது. அரசப்பன் மகள் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"பொம்பளைங்க மறைப்புல நீ போறேன்னு, பெத்த அப்பனைப் பாத்து எப்படிப்பா நான் சொல்றது?"

பொம்மையார்பாளையத்தில் பஸ் நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்து, வண்டி நகர்ந்த பிறகுதான் அரசப்பன் எழுந்து, "நிறுத்துப்பா, இறங்கணும்" என்றார். பாப்பாத்தி பின்னாலேயே இறங்கினாள்.

நடராசன் வீட்டில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. பாய் விரித்தார்கள். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று அரசப்பன் விழித்துக்கொண்டிருக்க, நடராசனே முந்திக்கொண்டார்.

"உங்களைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். இந்தக் காலத்துல யாரு இப்படி உண்மையைச் சொல்லுவாங்க? பையனுக்குப் பெரிய முதலியார்சாவடியில பாத்துட்டோம். வெள்ளிக்கிழமை தட்டு மாத்தியாச்சு."

அவர் மனைவி கமலாம்பாள் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தாள். ஒன்றை அரசப்பனிடம் கொடுத்துவிட்டு, பாப்பாத்தியைப் பரிதாபமாகப் பார்த்தாள். "உனக்குச் சக்கரை போடலம்மா. பயப்படாம குடி."

அரசப்பன் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். இந்த வீட்டில் இனிமேல் எதைச் சொல்லி என்ன? பேசாமல் குடித்துவிட்டு எழுந்து போய்விடலாம். போனால் நேர்மையான மனுஷன் என்ற பேராவது மிஞ்சும். அந்த ஆசை ஒரு கணம் வந்ததே, அதை நினைத்துத்தான் பிற்பாடு அவர் அதிகம் வெட்கப்பட்டார்.

"டம்ளரை மாத்திக் குடுங்கம்மா" என்றார். "அவளுக்கு ஒண்ணும் இல்ல. சக்கரை எனக்குத்தான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

நடராசன் வாசல் பக்கம் பார்த்தார். கமலாம்பாள் டம்ளர்களை மாற்றி வைத்தாள்.

பாப்பாத்தி சர்க்கரைக் காப்பியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். ஆறு வருஷம் கழித்து அவர் கண் முன்னால் அவள் குடிக்கிற முதல் இனிப்பு. அவசரப்படாமல், அவர் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்காமல், அடியில் தங்கிய சர்க்கரையைச் சுழற்றிச் சுழற்றி, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.